பந்தயக் காரை லாரியில் ஏற்றிச் சென்னைக்குப் போனோம்

பழைய பந்தயக் காரைச் சென்னைக் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறோம் என்று சொன்னால், "கோவையிலிருந்தே ஓட்டிக்கொண்டு போகிறீர்களா?" என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வியாக இருந்தது. ஓட்ட முடியாது. அந்தக் காருக்கு நம்பர் பிளேட் இல்லை, விளக்கு இல்லை, ஹாரன் இல்லை, கைப்பிரேக்கும் இல்லை. கட்டிய நாளிலிருந்து அது பதிவு செய்யப்பட்டதே கிடையாது. 2021-இல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. 50 ஆண்டுகளைக் கடந்து, அசல் வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிகளை 'விஏ' என்ற எழுத்துகள் கொண்ட தனி எண்ணில் பதிவு செய்யலாம்; புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சிக்கும் பழைய கார் அணிவகுப்புக்கும் சாலையில் ஓட்டிப் போகலாம். ஆனால் பட்டறையில் பல வண்டிகளின் உறுப்புகளைச் சேர்த்துக் கட்டிய ஒற்றை இருக்கைக் காருக்கு அசல் வடிவம் என்று எதைக் காட்டுவது? ஆகவே லாரிதான் ஒரே வழி. பழைய பந்தயக் கார் வைத்திருக்கும் பலருக்கும் இதே நிலைமைதான் என்பதால், எங்கள் பயணத்தில் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன்.

காரைக் கட்டியவர் என் நண்பனின் அப்பா. எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் அவர் அப்பாதான். 1970-களின் தொடக்கத்தில் கோவையில் ஒரு பட்டறையின் பின்கட்டில் அதைக் கட்டினார். வெளிநாட்டுப் பந்தயக் காரை இறக்குமதி செய்வது சாமானியர்களுக்கு எட்டாத காலம் அது. கையில் கிடைத்தது ஃபியட் 1100. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்த அந்தக் காரின் 1089 சி.சி. இன்ஜினை எடுத்து, சிலிண்டர் ஹெட்டைக் கடைசலில் இழைத்து, இரண்டு கார்ப்பரேட்டர் மாட்டி, குழாய்களைப் பற்றவைத்த சட்டத்தில் உட்கார வைத்தார்கள். மேலே அலுமினியத் தகடு. சென்னைக்கு அருகே சோழவரத்தில், உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் அது ஓடியது. பின்னால் கோவைக்காரரான கரிவரதன், மாருதி 800 இன்ஜினை வைத்து ஒரே மாதிரியான ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை வரிசையாகக் கட்டினார். பார்முலா மாருதி என்று பெயர்பெற்ற அந்தக் கார்களில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் பார்முலா ஒன் வரை போனார். அந்த வரிசை வருவதற்கு முன்பு, ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த விதத்தில் ஒன்றே ஒன்று கட்டிப் பார்த்த காலத்தின் மிச்சம் எங்கள் கார். அதனாலேயே அதை நான்கு பேர் பார்க்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

புறப்படும் முன்பே ஒரு வாதம் நடந்தது. பெயின்ட் அடித்து, பாலிஷ் போட்டுப் பளபளவென்று கொண்டுபோகலாம் என்றான் நண்பர்களில் ஒருவன். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மூக்கில் ஒரு நசுங்கல் இருக்கிறது. சோழவரத்தில் தடத்தோரத்து வைக்கோல் கட்டின் மேல் மோதியது. பக்கவாட்டில் தூரிகையால் எழுதிய எண்ணின் மேல் இன்னொரு எண் எழுதப்பட்டிருப்பது வெயிலில் பார்த்தால் தெரியும். இதையெல்லாம் மூடிவிட்டால் கார் புதிதாகத் தெரியும். ஆனால் எதற்காகப் பார்க்கிறோமோ அது போய்விடும். அப்பா இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, "மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்" என்று முடித்துவிட்டார். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். துரு மேலும் பரவாமல் நிறுத்துங்கள், தளர்ந்த ஆணியை முடுக்குங்கள், கசிவை அடையுங்கள். நிறத்தில் கை வைக்காதீர்கள். அடித்த பெயின்டைத் திரும்பச் சுரண்டி எடுத்தாலும் பழையது வராது.

ஏற்றுவதில்தான் பாதிக் கஷ்டம். காரின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையே நான்கு விரல் இடைவெளிதான் இருக்கிறது. லாரியின் தளமோ இடுப்பு உயரம். பலகை சாய்த்து ஏற்றினால், பலகை எவ்வளவு நீளமாக இருந்தாலும், அது முடிந்து தளம் தொடங்கும் முகட்டில் காரின் வயிறு இடித்தே தீரும். மெக்கானிக் அண்ணன் இதற்கு ஒரு நல்ல வழி சொன்னார். தெரிந்தவர் ஒருவரின் பம்ப்செட் கம்பெனி கோடவுனில் சரக்கு ஏற்றும் மேடை இருந்தது. லாரியைப் பின்பக்கமாக அந்த மேடையில் ஒட்டி நிறுத்தினால் இரண்டும் ஒரே மட்டம். நடுவில் ஓர் இரும்புத் தகடு போட்டு நான்கு பேர் தள்ளினோம். கார் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது. நூற்பாலை, அரிசி மில், சிமென்ட் கோடவுன் என்று மேடை இல்லாத ஊரே இல்லை; கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். இறக்குமிடத்திலும் மேடை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் நாங்கள் போன மைதானத்தில் மேடை இல்லை. ஓரத்தில் ஒரு மண் மேடு இருந்தது. லாரியின் பின் தளத்தை அந்த மேட்டுக்கு நேராக நிறுத்தி இறக்கினோம்.

காகிதங்களைக் கணக்கர் நண்பர் பார்த்துக்கொண்டார். பதிவில்லாத வண்டியை ஏற்றிக்கொண்டு போகும்போது, அது யாருடையது என்று கேட்பது காவலர்களின் கடமை. உரிமையாளரின் கையெழுத்திட்ட கடிதம், அவரது அடையாள அட்டை நகல், கண்காட்சிக்காரர்களின் அழைப்பு, சட்டத்தில் குத்தியிருக்கும் எண்ணின் புகைப்படம், சோழவரத்தில் எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் நகல் ஆகிய எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு லாரி ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டார். நாங்கள் வேறு காரில் பின்னால் வருகிறோம். முதலில் நிறுத்தப்படுவது லாரிதான் என்பதை அவர் யோசித்திருந்தார். வழியில் சோதனையின்போது அந்தப் பழைய படங்கள்தான் கேள்விகளைச் சட்டென்று முடித்துவைத்தன. லாரிக்குக் காப்பீடு இருக்கிறது என்பதால் உள்ளே இருக்கும் சரக்குக்கும் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. சரக்குக்குத் தனியாகப் போக்குவரத்துக் காப்பீடு எடுக்க வேண்டும்.

அப்பா காரில் வர மாட்டேன் என்றுவிட்டார். லாரி கேபினில்தான் உட்காருவேன் என்றார். எண்பதை நெருங்கும் மனிதர். ஓட்டுநர் ஒரு தலையணையை முதுகுக்கு வைத்துக் கொடுத்தார். அவ்வளவுதான், கோவையிலிருந்து சென்னை வரை இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள்.

சேலத்திலிருந்து ஆத்தூர், உளுந்தூர்பேட்டை வழியாகப் போவதுதான் தூரம் குறைவு. நாங்கள் கிருஷ்ணகிரி, வேலூர் வழியைத் தேர்ந்தெடுத்தோம். ஆத்தூர்ப் பக்கத்துப் புறவழிச் சாலைகள் சில அப்போது இருவழிப் பாதைகளாகவே இருந்தன. அங்கே எதிரே வரும் பஸ்ஸுக்காகத் திடீரென்று பிரேக் பிடிக்கும் நிலை வேண்டாம் என்று லாரி ஓட்டுநர் சொன்னார். இப்படிப்பட்ட சரக்குக்கு நேரத்தைவிடச் சீரான ஓட்டம் முக்கியம்.

சங்ககிரியில் டீ குடிக்க நிறுத்தினோம். சங்ககிரி லாரிக்காரர்களின் ஊர். டீக்கடையில் இருந்த வயதான ஓட்டுநர் ஒருவர் எழுந்து வந்து பின்பக்கம் எட்டிப் பார்த்தார். கார் அவர் கண்ணில் பட்டதாகவே தெரியவில்லை. அதை நாங்கள் கட்டியிருந்த விதத்தைத்தான் பார்த்தார். நாங்கள் காரின் சட்டத்தில் பட்டை போட்டு, நான்கு மூலைக்கும் இழுத்து, ராட்செட்டால் இறுக்கியிருந்தோம். ஊரில் பார்த்தபோது கல் மாதிரி இருந்த பட்டையை இவர் இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். "வண்டியைக் கட்டாதீர்கள் தம்பி, சக்கரத்தைக் கட்டுங்கள்" என்றார்.

அதன் காரணத்தையும் அவரே விளக்கினார். சட்டத்தைக் கீழே இழுத்துக் கட்டினால் ஸ்பிரிங் அமுங்கித்தான் இறுக்கம் கிடைக்கிறது. லாரி ஒரு குழியில் இறங்கி ஏறும்போது ஸ்பிரிங் இன்னும் அமுங்கும், அந்த ஒரு நொடியில் பட்டை தளரும், கொக்கி கழன்றுவிடலாம். ஒவ்வொரு சுங்கச்சாவடிக்கு முன்பும் வரிசையாகப் போட்டிருக்கும் வேகத்தடைக் கோடுகளில் இதுதான் நடக்கிறது. டயரின் மேல் பட்டையைப் போட்டு, முன்னும் பின்னும் லாரித் தளத்துக்கு இறுக்கிவிட்டால் டயர் தரையோடு நிற்கும். அதற்கு மேலே கார் தன் ஸ்பிரிங்கில் தானாக ஆடிக்கொள்ளும். பட்டைக்கு அந்த ஆட்டம் போகாது. அதோடு விடவில்லை. மரத் துண்டுகளை வாங்கிவரச் சொல்லி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் வைத்து லாரியின் பலகைத் தளத்தில் ஆணி அடித்தார். பட்டை அறுந்தாலும் கார் உருளாது. காரின் மேல் போர்த்தியிருந்த தார்ப்பாயை எடுத்துவிடச் சொன்னதும் அவர்தான். காற்றில் படபடக்கும் தார்ப்பாய்க்கும் பெயின்டுக்கும் நடுவே தூசி புகுந்துவிட்டால், சென்னை போய்ச் சேருவதற்குள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆகிவிடும் என்றார். எங்களிடம் சென்னிமலைப் போர்வைகள் இருந்தன. அவற்றை மட்டும் காரோடு ஒட்டிச் சுற்றி, நாடாவால் கட்டினோம். பணம் கொடுத்தபோது வாங்கவே இல்லை. அப்பாவோடு இன்னொரு டீ மட்டும் குடித்தார். இந்தப் பயணத்தில் யாருக்கேனும் நான் கடன்பட்டிருக்கிறேன் என்றால் அது அவருக்குத்தான்.

தொப்பூர்க் கணவாயை ஏறி, தருமபுரி தாண்டி, கிருஷ்ணகிரியில் பட்டைகளைச் சோதிக்க நிறுத்தினோம். ஒன்றுகூடத் தளரவில்லை. ஆனால் பெட்ரோல் வாடை அடித்தது.

டேங்க்கில் இருந்தது கொஞ்சம்தான். கண்காட்சியில் இன்ஜினைக் கேட்க வைக்கும் அளவுக்கு மட்டும். மெக்கானிக் அண்ணன் டேங்க்கிலிருந்து பம்ப்புக்குப் போகும் ரப்பர் ஹோஸை அழுத்திப் பார்த்தார். வெளியே ஒரு கீறல் இல்லை. கழற்றி பிளேடால் நீளவாக்கில் அறுத்துக் காட்டினார். உள்புறம் ஊறவைத்த புளி போலக் குழைந்திருந்தது. விரலில் கறுப்பாக ஒட்டியது. இப்போது பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய கார்களின் ரப்பரும் கார்க் கேஸ்கெட்டும் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் அவற்றை ஊற வைக்கிறது, குழைக்கிறது. காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுக்கிறது. மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில் அந்த ஈரம் டேங்க்கின் அடியில் தங்கித் துருவேற்றுகிறது. தினமும் ஓடும் வண்டியைவிட, ஆண்டுக்குச் சில தடவை மட்டும் கிளப்பும் வண்டிக்குத்தான் இது அதிக ஆபத்து.

அங்கேயே டேங்க்கை முழுவதும் வடித்துவிட்டு, அன்றைய மிச்ச வழியை வெறும் டேங்க்கோடு கடந்தோம். மறுநாள் காலை சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு உதிரிப் பொருள் கடைகள் திறந்ததும் எத்தனால் தாங்கும் ஹோஸும் புது கிளிப்புகளும் வாங்கி மாட்டினோம். கார்ப்பரேட்டர் கேஸ்கெட்டையும் மாற்றினார் அண்ணன். ஃபியட்டுக்கு இன்னும் பொருள் கிடைக்கிறதே என்று ஆச்சரியமாக இருந்தது. பிரீமியர் பத்மினியாக அதே இன்ஜின் 2000 வாக்கில்வரை தயாரிப்பில் இருந்தது. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சிகளாக 2023 வரை தெருவில் ஓடியது. அந்த டாக்சிகள் நின்றுவிட்டன. உதிரிப் பொருளும் மெல்ல நின்றுவிடும். கேஸ்கெட் செட், சி.பி. பாயின்ட், வாட்டர் பம்ப், வீல் சிலிண்டர் ரப்பர் எல்லாவற்றையும் இப்போதே இரண்டிரண்டாக வாங்கி வைத்துவிடுவது நல்லது.

இப்போது எங்கள் வழக்கம் இது. கண்காட்சி முடிந்ததும் டேங்க்கை வடித்துவிடுகிறோம். பெட்ரோல் வரத்தை மூடிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓட விட்டு, கார்ப்பரேட்டரையும் காலி செய்கிறோம். பேட்டரி இணைப்பைக் கழற்றித்தான் லாரியில் ஏற்றுகிறோம். தீயணைப்பான் கேபினில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. இவற்றில் ஒன்றைக்கூட விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆம்பூரில் பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் சாப்பிட்டோம். அதைப் பற்றி நான் புதிதாக எழுத ஒன்றுமில்லை; நன்றாக இருந்தது. இருங்காட்டுக்கோட்டையைக் கடக்கும்போது லாரி வேகம் குறைந்தது. அப்பா கேட்டிருப்பார். 1990-இல் அங்கே நிரந்தரப் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. அதன் பிறகு பந்தயத்துக்குச் சோழவரத்தின் தேவை இல்லாமல் போயிற்று. தன் கார் அந்தப் புதுத் தடத்தில் ஓடியதில்லை என்று மட்டும் இரவு சாப்பாட்டின்போது சொன்னார்.

கண்காட்சியில் எங்கள் காருக்கு இரு பக்கமும் பளபளக்கும் பெரிய கார்கள். முதல் இரண்டு மணி நேரம் கூட்டம் அங்கேதான். பிறகு மெல்ல இங்கே திரும்பியது. குழந்தைகளுக்கு ஒற்றை இருக்கை என்றாலே பிடித்துவிடுகிறது. கயிறு கட்டி யாரையும் அண்டவிடாமல் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, ஒருவர் பின் ஒருவராக, அப்பாவின் கண்முன் உட்காரலாம் என்று வைத்தோம். காரின் உடம்பில் சாயக் கூடாது என்பது ஒன்றுதான் கட்டுப்பாடு. அலுமினியத் தகடு ஒரு முழங்கை அழுத்தத்துக்கே பள்ளம் விழும். இன்ஜினுக்கு அடியில் அட்டை விரித்துவிடுங்கள். மைதானத்துக்காரர்களுக்கு எண்ணெய்க் கறை பிடிக்காது. அதைவிட, அட்டையில் விழும் சொட்டைப் பார்த்தால் எங்கே கசிகிறது என்று நமக்குத் தெரியும்.

மதியத்துக்கு மேல் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் வந்தார். முன்பக்கம் போகவில்லை. நேராக வாலுக்குப் போய்க் குந்தி உட்கார்ந்தார். தகட்டின் ஓரத்துக்கு அடியில் கட்டை விரலை விட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினார். பிறகு, "கம்பி வைத்து மடித்தது யார்?" என்று கேட்டார்.

எங்களுக்குப் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. தகட்டின் ஓரத்தை அப்படியே விட்டால் கையைக் கிழிக்கும். அதிர்வில் விரிசலும் விழும். அதனால் மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே வைத்துத் தகட்டை அதன்மேல் சுருட்டி மடிப்பார்கள். வளைவான ஓரத்தில் சுருக்கம் விழாமல் அதைச் செய்வது லேசில்லை. வந்தவர் வாழ்நாள் முழுக்க டிங்கரிங் வேலை பார்த்தவர். அவரும் அப்பாவும் பேசத் தொடங்கியதும், பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மணல் மூட்டையில் தகட்டை வைத்து மரச்சுத்தியால் குழி தட்டுவது, பிறகு இரும்புக் குமிழில் வைத்துச் சமன் செய்வது என்று பெரியவர் கையை வீசிக் காட்டினார். அலுமினியம் அடிக்க அடிக்க இறுகிவிடும். மேலும் அடித்தால் கிழியும். அப்போது சூடு காட்டி இளக்க வேண்டும். ஆனால் அலுமினியம் சூடேறினாலும் இரும்பு போலச் சிவக்காது. நிறம் மாறாமலே இருந்து திடீரென்று உருகி ஓடிவிடும். எவ்வளவு சூடு போதும் என்று எப்படித் தெரியும்? துணி துவைக்கும் சோப்பை அதன்மேல் தேய்த்துவிட்டு நெருப்புக் காட்டுவார்களாம். சோப்புத் தடம் கருகிக் கறுத்ததும் நெருப்பை எடுத்துவிட வேண்டும். பக்குவம் அதுதான். அப்பா தலையாட்டினார். கோவைப் பட்டறையிலும் அப்படித்தான் செய்தார்களாம். பல ஆண்டுகளாக அந்தக் காரைத் துடைத்து வந்த எனக்கு அன்றுதான் அது தெரியும்.

அன்று மாலை விடுதி அறையில் உட்கார்ந்து காட்சி அட்டையைப் புதிதாக எழுதினோம். அதுவரை அதில் இருந்தவை இன்ஜின் அளவு, ஆண்டு, ஓட்டியவர் பெயர். பழைய கார்ப் பலகைகள் எல்லாமே அப்படித்தான் இருக்கின்றன. அப்பா சொல்லச் சொல்ல, தகடு அடித்தவர், சட்டம் பற்றவைத்தவர், கடைசல் பார்த்தவர், எண் எழுதிய பெயின்டர் என்று பெயர்களை வரிசையாக எழுதினோம். மறுநாள் அந்த அட்டை முன்னால் நின்று படித்தவர்கள் கேட்ட கேள்விகளே வேறாக இருந்தன. எவ்வளவு வேகம் போகும் என்ற கேள்வி குறைந்தது. எப்படிச் செய்தார்கள் என்ற கேள்வி வந்தது.

இன்ஜினைக் கிளப்புவதற்கு முன்பே நேரம் அறிவித்தோம். கூடாரத்திலிருந்து வெளியே தள்ளி வந்து, புகைக்குழாய்க்குப் பின்னால் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டோம். நீண்ட நாள் நின்ற இன்ஜினை எடுத்ததும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. அண்ணன் காலையிலேயே பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சில சொட்டு எண்ணெய் விட்டு, கையால் சுற்றி வைத்திருந்தார். இரண்டு கார்ப்பரேட்டரும் மூச்சிழுக்கும் சத்தம் வந்தபோது, அருகே நின்ற வயதானவர்கள் சிலர் சோழவரத்தின் பெயரைச் சொன்னது காதில் விழுந்தது. அப்பா காரைப் பார்க்கவில்லை, அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் தொப்பூர் இறக்கம் இருக்கிறது. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும்போது பாதை தொடர்ந்து சரிகிறது. அங்கே நடந்த லாரி விபத்துகள் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தவை. எங்கள் ஓட்டுநர் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட்டார். பிரேக்கை நம்பி இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும், இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும் என்றார். பின்னால் ஹாரன் அடித்தவர்களை அவர் பொருட்படுத்தவே இல்லை.

இப்போது அட்டையில் ஒரு வரி மட்டும் காலியாக இருக்கிறது. இரண்டு கார்ப்பரேட்டரையும் இன்ஜினோடு இணைக்கும் அலுமினிய மேனிபோல்டு கோவையிலேயே வார்த்தது. மணல் அச்சின் சொரசொரப்பு இன்னும் அதன் அடிப்பக்கத்தில் இருக்கிறது. அதற்கு மரப் பேட்டர்ன், அதாவது மணலில் அச்செடுக்கும் மர மாதிரி, செதுக்கியவர் யார் என்பது அப்பாவுக்கு நினைவில்லை. பீளமேட்டுப் பக்கம் இருந்த பட்டறை என்று மட்டும் சொல்கிறார். அந்த நாட்களில் வார்ப்புப் பட்டறைகளில் வேலை பார்த்தவர்களைத் தேடி, மேனிபோல்டின் படத்தை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க்கொண்டிருக்கிறோம்.